நான் மூடுன எஞ்சின்

அணைச்சிருங்க டிரைவரே. மொதல்ல வண்டிய அணைச்சிருங்க. ஆயில் லைட்டு எரியுதுன்னு சொல்லிக்கிட்டே ஆக்ஸிலேட்டர மிதிக்கறீங்களே. அது என்ன கார்த்திகைத் தீபமா, எரியறவரைக்கும் எரியட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு? அணைங்க. ஆ, அப்புடி.

சத்தம் கேட்டேனுங்க. அந்த எடைமேடைகிட்ட நீங்க திரும்பறப்பவே கேட்டுட்டேன். மேல இருந்து கிச்சு கிச்சுன்னு வருது பாருங்க, அது டேப்பட் சத்தம். அதுக்குப் பயப்பட வேண்டியதில்ல. கீழ இருந்து வரோணும், வயித்துக்குள்ள இருந்து, டொக்கு டொக்குன்னு. அது வந்தா பேரிங் போச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு அது வரல. இருந்தாலும் ஆயில் அளவு காட்டற குச்சியப் பாத்துப்போட்டுத்தான் பேசோணும். இப்பவே உருவிப் பாத்தா சரியாத் தெரியாதுங்க. ஓடுன எஞ்சின்ல ஆயில் பூரா மேல நிக்கும். அடியில இருக்கற ஆயில் தொட்டிக்கு, அதான் சேம்பருக்கு, எறங்கி வர அரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் அந்தப் பலகையில உக்காருங்க.

வேற வண்டி ஒண்ணையும் காணமேன்னு பாக்கறீங்களாட்ட இருக்குது. இப்ப வர்றதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டிங்க. கம்பெனிக்காரனே லேப்டாப்பக் கொண்டாந்து சொருகிப் பாத்துக்கறான். அதனால நம்மகிட்ட வரத்துக் கம்மி. வேற ஒண்ணுமில்ல. நான் இந்தத் திருச்செங்கோடு லாரிப் பேட்டையில இருபத்தேழு வருசமா ஷெட் போட்டிருக்கறனுங்க. அர்த்தநாரின்னு எந்த டீக்கடையில கேட்டாலும் கை காட்டுவாங்க. உங்களுக்கும் யாரோ கை காட்டித்தான வந்தீங்க? ஓ, போர்டப் பாத்துட்டு வந்தீங்களா. சரி.

இந்த ஆயில் பிரஷர் இருக்குதே, அதுல ஒரு குடும்பமே போயிருச்சுங்க. வேற யாரு குடும்பமும் இல்ல. என்ற கூடப் பொறந்த தங்கச்சி குடும்பம். சொன்னா உங்களுக்கே தெரியும், தப்பு யாரு மேலன்னு. நீங்களும் ஸ்டேரிங் புடிக்கறவரு, நாயம் தெரிஞ்சவரு.

தங்கச்சி பேரு சம்பூர்ணம். அவ ஊட்டுக்காரரு கொழந்தவேலு. என்ற மாப்பிள்ள. ஒரே ஒரு வண்டிங்க, தொண்ணூத்தாறு மாடல், ஆறு சிலிண்டரு. மாப்பிள்ளதான் ஓனரு, மாப்பிள்ளதான் டிரைவரு. தாவணகெரே போயி மக்காச்சோளம் ஏத்திக்கிட்டு வந்து நாமக்கல்லுல கோழித்தீவன மில்லுல எறக்கறது. அந்த வண்டி ஓடுனா அந்த ஊட்டுல அடுப்பெரியும், நின்னா நிக்கும். அவ்வளவுதான் அவங்க சொத்து.

மாப்பிள்ளயப் பத்திக் கொறை சொல்லக் கூடாதுங்க. குடி இல்ல, சீட்டு இல்ல. வெடியால எந்திரிச்சா மொத வேலை, ஆயில் குச்சிய உருவி வேட்டி முனையில தொடச்சு, மறுக்கா உட்டு உருவிப் பாப்பாரு. அப்பறந்தான் பல்லே வெளக்குவாரு. அவரு வேட்டியில ஒரு மூலை எந்நேரமும் கருப்பாத்தான் இருக்கும். தொவைச்சுத் தொவைச்சுக் கை போச்சுதுன்னு சம்பூர்ணம் வையுவா.

போன வருசம் ஆடியில அந்த எஞ்சின எறக்கி நான்தான் வேலை பாத்தேன். பிஸ்டன், பேரிங், எல்லாம் புதுசு. பாத்து மூடுனேன். மூடறதுலதாங்க தொழிலே இருக்குது. மத்தவனெல்லாம் சேம்பர மாட்டறப்ப, பேக்கிங் மேல ஆயில் ஒழுகாம ஒட்டற பேஸ்ட்ட வெரல் நுனியில தொட்டு வெப்பான், என்னமோ பொட்டு வெக்கற மாதிரி. நான் அப்படியில்லீங்க. செவப்புப் பேஸ்ட்ட வெரல் தடிமனுக்குச் சுத்தி ஒரு வரப்பே கட்டிருவேன். நான் மூடுன எஞ்சின்ல ஒரு சொட்டு ஆயில் ஒழுகுச்சுன்னு இந்தப் பேட்டையில ஒருத்தன் சொன்னதில்ல.

ரெண்டு மாசம் வண்டி பூ மாதிரி ஓடுச்சு. அப்பறம் ஒரு நாளு மாப்பிள்ள வந்து நின்னாரு. மச்சான், ஆயில் பிரஷர் மீட்டர்ல முள்ளு விழுகுதுங்கறாரு. எப்ப விழுகுதுன்னு கேட்டேன். காத்தால ஸ்டார்ட் பண்ணுனா நல்லா நிக்குதாம். ஓட ஓட எறங்குதாம். மேட்டுல ரேஸ் குடுத்தா இன்னும் எறங்குதாம். ஓரமா நிறுத்திப் போட்டு ஒரு டீ குடிச்சுட்டு எடுத்தா, மறுபடியும் நல்லா நிக்குதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. எந்த ஊர்லயாவது ரேஸ் குடுத்தா பிரஷர் எறங்குமா? பேரிங் தேஞ்ச வண்டியில கூட, சும்மா நின்னு ஓடற ஐடிலிங்ல எறங்கும், ரேஸ் குடுத்தா ஏறும். அதுதான் நாயம். இவரு தலைகீழாச் சொல்றாரு. மாப்பிள்ள, மீட்டரத் தலைகீழா நின்னு பாத்தீங்களான்னு கேட்டேன். அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு, பாவம். வண்டிய இங்க நிறுத்தி நானே ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். முள்ளு கம்பீரமா நிக்குது. பாருங்கன்னு காட்டி அனுப்பிச்சேன்.

மறுவாரம் மறுபடி வந்தாரு. மீட்டர மாத்துனேன். அதுக்கு அடுத்த வாரம் வந்தாரு. பம்ப்பு ஸ்பிரிங்க மாத்துனேன். அப்பறம் கெட்டி ஆயிலா ஊத்தச் சொன்னேன். ஊத்துனாரு. நான் என்ன சொன்னாலும் செய்வாரு. கெட்டி ஆயில் ஊத்துனதும் இன்னும் சீக்கிரமா முள்ளு விழுகுதுன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. வண்டி ஓட்டறவனுக்கு ரோட்டு மேல கண்ணிருந்தாப் போதும், மீட்டர் மேல எதுக்குன்னு சத்தம் போட்டுட்டேன்.

அப்பத்தான் அவரு மொத தடவையா அந்தப் பேச்ச எடுத்தாரு. மச்சான், சேம்பரக் கழட்டி ஒரு தடவை உள்ள பாத்துரலாமுங்களான்னு.

நீங்க வெளியூரு, உங்களுக்கு இங்கத்த வழக்கம் தெரியாது. ஒருத்தன் கையால மூடுன எஞ்சின அவன் வாயால தொறங்கன்னு சொல்லாம இன்னொருத்தன் தொட மாட்டான். எழுதி வெச்ச சட்டமில்ல, ஆனா பேட்டையில நூத்தி இருபது ஷெட்டும் அதுக்குக் கட்டுப்பட்டதுதான். அதுல நல்லது இருக்குதுங்க. இல்லாட்டி அவனவன் அடுத்தவன் வேலைய நோண்டிக் குத்தம் சொல்லிக்கிட்டே திரிவான். மூடுனவனே தொறந்தா மட்டும் என்ன? மூணு மாசத்துல தொறந்தா, மூடறப்ப என்னமோ உட்டுட்டான்னுதான பேசுவாங்க? நான் மூடுனதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டேன்.

அவரு நல்லதம்பிகிட்டப் போயிருக்கறாரு. எதுத்த வரிசையில நாலாவது ஷெட்டு. எங்கிட்டத் தொழில் கத்தவன் இல்ல, ஆனா என்னய அண்ணன்னுதான் கூப்புடுவான். அவன் அன்னைக்கே பொழுதோட இங்க வந்தான். மாப்பிள்ள கண்ணுல தண்ணி நிக்குதுங்கண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ஒரு மணி நேரத்துல சேம்பர எறக்கிப் பாத்து மாட்டிப்போடறேன், யாருக்கும் தெரியாதுன்னான். ஆனைக்கும் அடி சறுக்கும்ங்கண்ணான்னு வேற சொன்னான். அங்கதாங்க என்ற ஒடம்பு எரிஞ்சு போச்சு. எனக்குச் சறுக்குனத நீ பாத்தியான்னு கேட்டேன். தல குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான்.

கார்த்திகையில சத்தம் வந்துருச்சு.

நானே கேட்டேனுங்க. பெரிய திருப்புளி இருக்குது பாருங்க, அந்த நுனிய எஞ்சின் மேல வெச்சு, புடிய காதுல வெச்சுக் கேட்டா, உள்ள ஒரு எறும்பு ஊர்ந்தாலும் கேக்கும். வெச்சுக் கேட்டேன். மூணாவது சிலிண்டருக்குக் கீழ டொக்கு டொக்குன்னு அடிக்குது. ஆளு உள்ள நின்னு கதவத் தட்டற மாதிரி. எனக்குத் தெரிஞ்சு போச்சு. பேரிங்குக்கு ஆயில் போகல. தெரிஞ்சு போச்சுங்க, இல்லைங்கல. மாப்பிள்ள என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறாரு. டாக்டரு மூஞ்சியப் பாக்கற மாதிரி. சுத்திலும் அஞ்சாறு பேரு.

டேப்பட் சத்தம்னு சொல்லிப்போட்டேன்.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. அஞ்சாறு பேரு நின்னாங்க. ஒரு லோடு முடிச்சுட்டு வாங்க, நாம ரெண்டு பேரும் நிதானமாப் பாப்போம்னு சொன்னேன். ஒரே ஒரு லோடு. அது வரைக்கும் தாங்கும்னு நெனைச்சேன். நெனைச்சதுல என்னங்க தப்பு?

தருமபுரி தாண்டி எஞ்சின் இறுகிப் போச்சு. அங்கிருந்து பத்து நிமிசம் ஓடியிருந்தா தொப்பூர்க் கணவாய் எறக்கம். பதினஞ்சு டன் சோளம் மேல. அத நான் நெனைக்கறதில்லீங்க. தூக்கம் வராது.

போன் வந்ததும் பஸ் ஏறிப் போனேன். உச்சி வெயிலு. மாப்பிள்ள ரோட்டோரம் கல்லு மேல உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை கோவமாப் பேசல. மச்சான், குச்சியப் பாருங்க, ஆயில் சரியாத்தான் இருக்குதுன்னாரு. அதத்தான் மொதல்ல சொன்னாரு. வண்டி போன கவலைய விட அதுதான் அவருக்குப் பெருசாப் பட்டுது. டிரைவருக்கு அதுதான மானம். அப்பறம் இழுத்துக்கிட்டுப் போக வண்டி பாத்துட்டு வர்றேன்னு டோல்கேட் பக்கம் நடந்து போனாரு.

நான் அடியில படுத்து, சேம்பர்ல கீழ ஒரு நட்டு இருக்கும் பாருங்க, ஆயில் எறக்கற நட்டு, அதக் கழட்டி உட்டேன். ஆயில்ல இரும்புத்தூளு வருதான்னு பாக்கறதுக்கு. அது மொறைதாங்க, எந்த மெக்கானிக்கும் செய்யறதுதான். ஒரு கை ஏந்திப் பாத்தாப் போதும். பாத்தேன், மினுக்கு மினுக்குன்னு தூளு வந்துச்சு. நட்ட உடனே மாட்டியிருக்கலாம். மாட்டல. ஆயில் பூரா மண்ணுக்குள்ள போறதப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. சொட்டு நின்னதுக்கு அப்பறம் மாட்டுனேன். திரும்பி வந்த மாப்பிள்ள மண்ணுல ஊறிக் கெடந்த ஆயிலப் பாத்தாரு.

வண்டிய இழுத்துக்கிட்டு வந்து பேட்டையில நிறுத்துனோம். கூட்டம் கூடிப்போச்சு. எவனோ குச்சிய உருவுனான். ஒரு பொட்டு ஆயில் இல்ல. ஆயில் இல்லாம ஓட்டியிருக்கறான்டான்னு ஒருத்தன் சொன்னான். நான் சொல்லலீங்க. சத்தியமா அந்த வார்த்தை என்ற வாயில வரல. மாப்பிள்ளதான், மச்சான் எறக்கி உட்டாருங்க, அவரையே கேளுங்கன்னாரு. எல்லாரும் எம் பக்கம் திரும்புனாங்க.

தூளு பாக்கறதுக்குக் கொஞ்சம் எறக்குனேன்னு சொன்னேன்.

கொஞ்சம்னுதான் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மிச்சத்த அவங்களே சொல்லிக்கிட்டாங்க. மாப்பிள்ள என்னயப் பாத்தாரு, அப்பறம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஊட்டுக்கு நடந்தாரு.

ஒரு டிரைவரு வண்டியில தூங்கிப்போட்டான்னா மன்னிப்பாங்க. குடிச்சுப்போட்டு ஓட்டுனான்னா கூட, ரெண்டு நாளு திட்டிப்போட்டு மறுபடி சாவி குடுப்பாங்க. ஆயில் பாக்காம எஞ்சினக் கருக்குனவன்னு பேரு வந்துட்டா, இந்தச் சுத்து வட்டாரத்துல ஒருத்தன் ஸ்டேரிங் தர மாட்டான். மாப்பிள்ள ரெண்டு மாசம் அலைஞ்சாரு. எந்த ஆபீஸ்ல போயி நின்னாலும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பறாங்க. மீதி கதை என்ன இருக்குது? திருச்செங்கோட்டுல வேற பொழப்பில்லாதவனுக்கு ஒரே பொழப்பு, ஆழ்துளைக் கெணறு தோண்டற போர் வண்டி. வடக்க சத்தீஸ்கர் பக்கம் போர் போடற வண்டியில ஏறிட்டாரு. டிரைவரா இல்லீங்க. பைப்பு தூக்கற வேலைக்கு. நாப்பத்தெட்டு வயசுல, சின்னப் பசங்களோட நின்னு பைப்பு தூக்கறாரு.

நடுவுல சம்பூர்ணம் ஒரு காரியம் பண்ணுனா. பேட்டையில யாரும் தொட மாட்டாங்கன்னு, சங்ககிரியில இருந்து ஒரு மெக்கானிக்கக் கூட்டியாந்து ஊட்டு வாசலுக்கு வண்டிய இழுத்துக்கிட்டுப் போயி, அங்கயே சேம்பரக் கழட்டச் சொல்லியிருக்கறா. பொம்பளைக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. ஆயில் உறிஞ்சற கொழாய்க்கு நுனியில ஒரு வலை இருக்குமில்ல, அந்த வலை பூரா அடைச்சிருந்துச்சாம். அத ஒரு காயிதத்துல மடிச்சு எடுத்தாந்து என்ற முன்னால பிரிச்சா. காஞ்ச மொளகாத் தோலு மாதிரி, செவப்பா, துண்டு துண்டா. பேஸ்ட்டு. அமுக்கி மாட்டறப்ப அதிகமான பேஸ்ட்டு உள்ள பக்கம் பிதுங்கி, காஞ்சு, உதுந்து, ஆயில்ல மெதந்துக்கிட்டு இருந்திருக்குதாம். ரேஸ் குடுக்கக் குடுக்க வலையில வந்து ஒட்டிக்குமாம். நிறுத்துனா உதுந்துருமாம். அதனாலதான் மாப்பிள்ள சொன்ன மாதிரி முள்ளு விழுந்து விழுந்து நின்னுச்சாம். சங்ககிரிக்காரன் சொன்னத அப்படியே ஒப்பிக்கறா.

செவப்புப் பேஸ்ட்டு ஊரெல்லாம் விக்குதுங்க. அது நான் வெச்சதுதான்னு பேரா எழுதியிருக்குது? அந்தச் சங்ககிரிக்காரனே கழட்டறப்ப வலையில போட்டிருந்தா? அதத்தான் அவகிட்டவும் கேட்டேன். தான் புடிச்ச மொயலுக்கு மூணே காலுன்னு பேசறேன்னு நெனைக்காதீங்க. கேக்க வேண்டியதக் கேக்கோணுமில்ல.

அவ சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. காயிதத்த மறுபடி மடிச்சா. அப்பறம், நீங்க இப்ப உக்காந்திருக்கறீங்களே, அதே பலகையில உக்காந்தா.

"அண்ணா, வண்டி போனது போச்சு. நான் வண்டியக் கேக்க வரல. பேஸ்ட்டப் பத்தியும் யாருகிட்டயும் பேச மாட்டேன். அவரு ஆயில் இல்லாம ஓட்டலைன்னு பேட்டை டீக்கடையில நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அதக் கேட்டாப் போதும், அவரு வந்துருவாரு."

பாக்கலாம் போன்னு சொன்னேன்.

பாக்கலாம்னா சொல்ல மாட்டேன்னு அர்த்தமில்லீங்க. நேரம் வரோணுமில்ல. திடீர்னு போயி நின்னு, எட்டு மாசம் கழிச்சு, குச்சியில ஆயில் இருந்துச்சுன்னு சொன்னா, அப்ப ஏன்டா சொல்லலைன்னு கேக்க மாட்டாங்களா? அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நாளு பேச்சோட போயிருக்கும். நாளாக ஆக அது பெருசாகிக்கிட்டே போகுது. ஒவ்வொரு நாளும் காத்தால, இன்னைக்குச் சொல்லிருவோம்னுதான் டீக்கடைக்குப் போறேன். போனா, பேசிக்கிட்டு இருக்கறவங்க பேச்ச நிறுத்திருவாங்க. பேச்ச நிறுத்துன எடத்துல எப்படிங்க போயி ஒரு பேச்ச ஆரம்பிக்கறது?

வைகாசித் தேருக்கும் மாப்பிள்ள வரல. தேருக்கு வராதவரு எப்பவும் வர மாட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் போன் போட்டா எடுக்கறதில்ல. சம்பூர்ணம் வண்டிய ஒடைக்கறவனுக்குப் போட்டுட்டா. ஒடைச்சு ஏத்திக்கிட்டுப் போறப்ப இந்த வழியாத்தான் போச்சு. நான் உள்ளயே இருந்துக்கிட்டேன். அவ இப்ப என்னயப் பாத்தா வையறதும் இல்ல, மொகத்தத் திருப்பிக்கறதும் இல்ல. ரோட்டுல போற யாரையோ பாக்கற மாதிரி பாத்துட்டுப் போயிருவா. வைஞ்சா நல்லா இருக்கும்.

இருங்க, ஆயில் எறங்கியிருக்கும். பாக்கறேன். இந்தாங்க, பாருங்க, அளவு சரியா இருக்குது. உங்களுக்குக் கோளாறு ஒயர்லதான். சென்சார் மொனை பாசி புடிச்சுக் கெடக்குது. சொரண்டி மாட்டிக் குடுத்தர்றேன். பத்து நிமிச வேலை. எதுக்கும் ஊர் போயி நீங்க நம்பற ஆளுகிட்ட ஒரு தடவை காட்டிக்குங்க.

லோடு எங்கங்க? ராய்ப்பூரா? அப்ப ஜெகதல்பூர் ரோடு வழியாத்தான போவீங்க. அந்தப் பக்கம் நம்மூரு போர் வண்டிங்க நிறைய நிக்கும், தமிழ்ல எழுதியிருக்கும், பாத்தாத் தெரியும். திருச்செங்கோடு கொழந்தவேலுன்னு கேளுங்க. நெட்டையா இருப்பாரு, சத்தமாப் பேச மாட்டாரு. அவருகிட்ட ஒரு சேதி சொல்லோணும். அன்னைக்குக் குச்சியில ஆயில் மேல் கோடு வரைக்கும் இருந்துச்சுன்னு சொல்லுங்க. நான் மொதல்ல குச்சியத்தான் உருவிப் பாத்தேன், அப்பறந்தான் நட்டக் கழட்டுனேன். முழுசா இருந்துச்சு. அவ்வளவும் நான்தான் எறக்கி உட்டேன்.

அவருக்குத்தான் அது தெரியுமேங்கறீங்களா?

தெரியும்தாங்க. தெரியாதவங்க எல்லாம் பேட்டையிலதான் இருக்கறாங்க. வேணாமுங்க டிரைவரே, நீங்க டீக்கடையில நிறுத்துனீங்கன்னா இதப் பத்தி ஒண்ணும் பேசிராதீங்க. அங்க நாளைக்குக் காத்தால நான் டீ குடிக்கோணும்.